தொடக்கப் பள்ளியில் ஆண்டின் கடைசி வாரங்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வியாண்டு முடியும் நேரத்தில் வீட்டுக்கு வரும் காகிதங்களுக்குக் கணக்கே இருக்காது. ஆண்டு விழா அழைப்பு, விளையாட்டு விழாவுக்கான சம்மதக் கடிதம், நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லும் சீட்டு, பெற்றோர் சந்திப்புத் தேதி, மதிப்பெண் அட்டை, அடுத்த வகுப்புக்கான படிவம் என்று டைரி புடைத்துக்கொண்டு நிற்கும். தொடக்க வகுப்புகளில் பாடம் எடுக்கும் எங்களிடம் இந்தச் சமயத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றையும், வகுப்பறைக்குள்ளிருந்து பார்க்கும்போது எனக்குச் சரியென்று படும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தேர்வுதான் முடிந்துவிட்டதே, கடைசி இரண்டு வாரமும் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டுமா?

கட்டாயம் அனுப்புங்கள். பாடம் நடத்தும் அவசரம் இல்லாத நாட்கள் ஆசிரியருக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது, எங்கே தடுக்கிறது என்று கேட்பது, அடுத்த வகுப்பாசிரியருக்குக் குறிப்பு எழுதுவது எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும்.

என் வகுப்பில் ஆண்டின் முதல் வாரம் எழுதிய ஒரு தாளை எடுத்து வைத்துவிடுவோம். கடைசி வாரத்தில் அதே நான்கு வரியை மறுபடி எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பழைய தாளில் 'ழ' கோட்டைத் தாண்டி அடுத்த வரி வரைக்கும் இறங்கியிருக்கும். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று தெரியாமல் அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்திருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. புதிய தாளில் இது எதுவும் இல்லை. "இது நான் எழுதினதா டீச்சர்?" என்று பிள்ளைகள் நம்பாமல் கேட்பார்கள். தான் வளர்ந்திருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கிற பிள்ளைக்கு வேறு யாரும் பாராட்டுச் சொல்லத் தேவையில்லை. முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மதிப்பெண் அட்டையை எப்படிப் பார்ப்பது?

முதலில் ஆசிரியர் எழுதிய குறிப்பைப் படியுங்கள், எண்களை அப்புறம் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மொத்தத்தைப் பார்த்துவிட்டு அட்டையை மூடிவிடுகிறோம்.

இதைப் பற்றி 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகளின் ஆர்வமும் திறமையும் கூடின. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களோ மதிப்பெண் மட்டும் கிடைத்தவர்களைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவே இல்லை. அதனால்தான் வீட்டிலாவது குறிப்பை முதலில் வாசித்துக் காட்டுங்கள் என்கிறேன். "கதையைத் தன் சொந்தச் சொல்லில் சொல்கிறாள், எழுத்துப்பிழைகளில் கவனம் வேண்டும்" என்ற ஒரு வரியில் விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்பதே இருக்கிறது. 72 என்ற எண்ணில் அது இல்லை.

இன்னொன்று, பிள்ளை பிறந்த மாதத்தையும் நினைவில் வையுங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி ஆகிய இரு பொருளியலாளர்கள் பல நாடுகளின் தேர்வு முடிவுகளை எடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்பில் மிக இளைய பிள்ளைகள் மிக மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமானப் புள்ளிகள் (நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் அத்தனை இடங்கள்) பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. சேர்க்கைக் கெடுவுக்குச் சற்று முன் பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும்போது, பாதி நேரம் நாம் ஒப்பிடுவது பிறந்த தேதியைத்தான்.

எத்தனையாவது ரேங்க் என்று சொல்லவே மாட்டேன் என்கிறீர்களே?

தொடக்க வகுப்புகளில் எங்களுக்கு அது எதற்கும் உதவுவதில்லை. யாருக்கு எதில் கை கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பெற்றோர் சந்திப்பில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறான், இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். புதிய பத்தியைக் கொடுத்தால் உதவி இல்லாமல் வாசிக்கிறாளா? கடன் வாங்கிக் கழிப்பது புரிந்து செய்கிறாளா, பழக்கத்தில் செய்கிறாளா? யாரோடு உட்காருகிறாள், மதிய இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள்? சந்தேகம் வந்தால் கையைத் தூக்குகிறாளா, பேசாமல் இருந்துவிடுகிறாளா?

கடைசியாகச் சொன்னதை மறக்காமல் கேளுங்கள். வகுப்பில் தொந்தரவே செய்யாத, கேட்டால் தலையாட்டுகிற பிள்ளைதான் ஆண்டு முடிவில் எங்களையே திடுக்கிட வைக்கும். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளப் பழகியிருக்கும்.

நீங்களும் ஏதாவது சொல்லுங்கள். வீட்டில் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறான், எதற்குப் பயப்படுகிறான், குடும்பத்தில் ஏதாவது மாற்றம் வந்திருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. பிள்ளையைக் கூட்டி வந்தால், அவன் தலைக்கு மேலே பேசாமல் அவனையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளை கேட்கக் கூடாத விஷயம் என்றால் தனியாக வேறொரு நேரம் கேளுங்கள், தருவோம்.

பின்தங்கியிருக்கிறாள். அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்கட்டுமா?

என் கருத்து, வேண்டாம். ஜப்பானிலும் நார்வேயிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வயதோடு சேர்ந்து அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். ஃபெயில் என்ற பேச்சு அங்கே இல்லை. அதே வகுப்பில் மறுபடி உட்காரும் பிள்ளைக்கு அதே பாடம், அதே முறையில், நண்பர்கள் இல்லாமல் கிடைக்கிறது. போன வருடம் புரியாத முறை இந்த வருடம் மட்டும் எப்படிப் புரியும்?

ஆனால் அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. எது வராமல் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். "கணக்கு வரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். இடமதிப்பா, கூட்டலா, கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதா என்று பிரித்துச் சொல்லக் கேளுங்கள். கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். நன்றாகப் பேசுகிற பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் விடாமல் திணறினால், வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டுவது நல்லது. சோம்பேறி என்று பெயர் வாங்கிவிட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான்.

ஆண்டு விழாவில் என் மகளுக்கு மரம் வேடம். வசனமே இல்லை. ஏன்?

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும், வருத்தத்தோடு வரும். புரிகிறது. எங்களிடம் இருப்பது ஒரு மேடை, குறைந்த நேரம், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். நல்ல பள்ளியில் எல்லாரும் மேடையேற வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். நன்றாக ஆடுகிற எட்டுப் பேரை மட்டும் முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கை தட்ட உட்காரவைக்கிற விழாவில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது பெரியவர்கள் பார்த்து ரசிக்க நடத்துகிற விழா.

எல்லாரும் ஏறினால் எல்லாருக்கும் வசனம் இருக்காது. மரமாக நிற்கும் பிள்ளை என்ன செய்கிறாள் என்று ஒத்திகையில் வந்து பாருங்கள். பாட்டில் எந்த இடத்தில் காற்று வருகிறது, எப்போது கிளையை ஆட்ட வேண்டும், அணில் வேடக்காரன் வந்து ஒளிந்துகொள்ளும்போது எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அணில் வசனத்தை மறந்தால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பதும் பல நேரம் மரம்தான். முழு நாடகமும் மனப்பாடமாக இருக்கும். வீட்டில் "உனக்கு வசனமே இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அதுவரை பெருமையாக இருந்த வேடம் அந்த நிமிடமே சிறுத்துப் போய்விடும்.

வசனம் பேச ஆசை இருந்து கிடைக்காமல் போயிருந்தால் அதை எங்களிடம் சொல்லுங்கள். வரும் ஆண்டில் முதல் வாய்ப்பு யாருக்கு என்று குறித்துவைத்துக்கொள்வோம்.

மேடை என்றாலே அழுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. ஆனால் முழுதாக விலக்கிவிடவும் வேண்டாம். திரை இழுக்கலாம், மேளம் தட்டலாம், பின்னணியில் பாடலாம், அடுத்து யார் என்று வரிசை பார்த்து அனுப்பலாம். விழாவுக்கு முதல் நாள் காலி அரங்கத்தில் மேடையில் ஏறி நடக்கவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். வெளிச்சமும் ஒலிபெருக்கிச் சத்தமும்தான் சிறு பிள்ளைகளை மிரட்டுகின்றன, பார்வையாளர்கள் அப்புறம்தான். சத்தம் தாங்காத பிள்ளை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிற்க வைப்போம்.

உடை, அலங்காரச் செலவு கட்டுப்படியாகவில்லை. எப்படிச் சொல்வது?

நேரடியாக வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஒரே நாள் போட்டுக் கழற்றும் உடைக்காகக் கடன் வாங்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளினால், தவறு பள்ளி மேல்தான். போன ஆண்டு உடைகள் பள்ளி அலமாரியில் இருக்கும். வீட்டிலிருக்கும் வெள்ளைச் சட்டையில் வண்ணத்தாள் ஒட்டினாலே பாதி வேடங்கள் தயார்.

நிகழ்ச்சியைப் படம் பிடித்து இணையத்தில் போடலாமா?

உங்கள் பிள்ளையின் படம் உங்கள் விருப்பம். மற்ற பிள்ளைகள் தெளிவாகத் தெரிகிற படத்தை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் பொதுவெளியில் போடாதீர்கள். சில குடும்பங்களுக்குப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாத நிலைமை இருக்கும். காரணத்தை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளிப் பெயர், பிள்ளையின் முழுப்பெயர், வகுப்புப் பிரிவு மூன்றும் ஒரே படத்தில் தெரிவது நல்லதல்ல. சீருடையிலும் அடையாள அட்டையிலும் அந்த மூன்றும் இருக்கும், கவனியுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தை வேறு குழுக்களுக்கு அனுப்பாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

அப்புறம், பிள்ளை மேடையிலிருந்து உங்கள் முகத்தைத் தேடும். போனுக்குப் பின்னால் அந்த முகம் மறைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. சில நிமிடமாவது போனைக் கீழே வையுங்கள்.

விளையாட்டு விழாவில் எதிலும் ஜெயிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுகிறாள்.

அழட்டும். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று உடனே மூடிவிடாதீர்கள், அவளுக்கு அது பெரிய விஷயம்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஓட்டத்தில் என்ன நடந்தது என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பில் ஓட்டப் பந்தயத்தை உயரமும் வயதும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அதனால் சிறு வகுப்புகளில் நாங்கள் தொடர் ஓட்டம், பந்து கடத்துவது, கயிறு இழுப்பது போன்ற குழு ஆட்டங்களைக் கூடுதலாக வைக்கிறோம். வெயில் ஏறும் முன்பே ஓட்டங்களை முடித்துவிடுவது வழக்கம். குடிக்கத் தண்ணீர், தொப்பி, காலுக்குப் பழகிய ஷூ இந்த மூன்றும் போதும். புது ஷூவை அன்றைக்கு முதல் தடவையாகப் போட்டு அனுப்பாதீர்கள், கால் கொப்பளித்துவிடும்.

நல்ல மதிப்பெண் வாங்கினால் பரிசு தருகிறேன் என்று சொல்லலாமா?

பரிசு கொடுப்பதில் தப்பில்லை. முன்கூட்டியே பேரம் பேசுவதில்தான் சிக்கல். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் படம் வரையப் பிடித்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம் வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு பிரிவிடம் ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து யார் தானாகப் போய் வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்பே பரிசு பேசியிருந்த பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஆகவே ஆண்டு முடிந்ததைக் கொண்டாட எங்காவது கூட்டிப் போங்கள். மதிப்பெண் எதுவாக இருந்தாலும் போங்கள். "இவ்வளவு வாங்கினால்தான்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முழு வருகைக்குப் பரிசு தரும் பள்ளிகளும் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. காய்ச்சலோடு பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு அது ஒரு காரணமாகிவிடுகிறது. நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பரிசு எப்போதுமே எட்டாது.

ஆசிரியருக்கு என்ன பரிசு கொடுப்பது?

எதுவும் வேண்டாம், மெய்யாகவே வேண்டாம். பிள்ளை தன் கையால் எழுதிய நாலு வரி போதும். வார்த்தையை நீங்கள் சொல்லிக் கொடுக்காமல் அவளே எழுதட்டும். "நீங்க கோபப்பட்டாலும் உடனே சிரிச்சிடுவீங்க" என்று எழுதித் தந்த தாளை வருடக்கணக்காக வைத்திருக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பு முழுக்கப் பணம் வசூலித்துப் பொருள் வாங்குவது, கொடுக்க முடியாத வீட்டுக்குச் சங்கடம்.

காணாமல் போன பொருள்கள் எங்கே இருக்கும்?

அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில். மூடி இல்லாத வாட்டர் பாட்டில்கள், ஒற்றைச் சாக்ஸ், குடை, டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் ஆண்டு முழுக்க அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசி நாளுக்குள் வந்து பாருங்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்காதவற்றைத் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம். நூலகப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் முதலில் பாருங்கள்.

விடுமுறையில் படித்ததெல்லாம் மறந்துவிடுமா? என்ன செய்ய வைப்பது?

கொஞ்சம் மறக்கும். 1996-இல் ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நீண்ட கோடை விடுமுறைக்குப் பிறகு தேர்வு முடிவுகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவு சறுக்கியிருந்தன. கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் சறுக்கல் அதிகம். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த அளவு, எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்கிறது. பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பள்ளி திறந்த முதல் வாரங்களில் பழைய பாடத்தைத்தான் நாங்கள் திருப்பிப் பார்ப்போம்.

கட்டுக் கட்டாக வீட்டுப்பாடம் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எழுதி முடிக்கும் வீட்டுப்பாடத்தால் யாருக்கு என்ன பயன்? கணக்கு வேண்டுமென்றால் வீட்டில் நடக்கிற கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லறை எண்ணட்டும், சாமான் பட்டியல் எழுதட்டும், பஸ் வர இன்னும் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும்.

வாசிப்புக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் நடத்திய ஆய்வில், ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்குக் கோடைதோறும் அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்கள் வீதம் மூன்று கோடைகள் கொடுத்தார்கள். பாடம் நடத்தவில்லை, தேர்வு வைக்கவில்லை. புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட அவர்களின் வாசிப்பு மேம்பட்டிருந்தது. பூச்சிகளைப் பற்றிய புத்தகம், படக்கதை, நகைச்சுவைத் துணுக்கு, எதை எடுத்தாலும் சரி. "இதெல்லாம் புத்தகமா, நல்லதா எடு" என்று கையிலிருப்பதைப் பிடுங்காதீர்கள். படித்ததையே பத்துத் தடவை படித்தாலும் விடுங்கள், ஒவ்வொரு தடவையும் வேகம் கூடும்.

விடுமுறை முழுக்க போனிலேயே கிடக்கிறான்.

போனைப் பிடுங்குவதைவிட வெளியே அனுப்புவது எளிது. கண்ணுக்கும் அது நல்லது. சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். முடிவு 2015-இல் வெளியானது. அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சத்தில் 40 நிமிடம் என்பது எந்த வீட்டிலும் முடியக்கூடியதுதான்.

பயிற்சி முகாம்களில் சேர்ப்பதா என்றும் கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பிடித்தால் ஒன்றில் சேருங்கள். காலையில் நீச்சல், மதியம் அபாகஸ், மாலையில் கீபோர்டு என்று நாளை நிரப்பிவிட்டால் அதற்கு விடுமுறை என்று பெயர் எதற்கு? ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது.

கடைசி வகுப்பு முடித்துப் பெரிய பள்ளிக்குப் போகிறாள். எப்படித் தயார்படுத்துவது?

பாடத்தைப் பற்றித்தான் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகள் எங்களிடம் கேட்பதோ வேறு. கழிப்பறை எங்கே இருக்கும், பெரிய அண்ணன்கள் கேலி செய்வார்களா, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு ஆசிரியர் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, என் சிநேகிதி வேறு பிரிவில் போய்விட்டால் யாரோடு சாப்பிடுவது. ஆகவே விடுமுறையில் ஒருநாள் அந்தப் பள்ளிக்குக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுங்கள். போகும் வழியில் நடந்து பாருங்கள். அட்டவணை பார்த்துத் தானே பையை அடுக்கப் பழக்குங்கள். அங்கே முன்பே படிக்கிற ஒரு பிள்ளையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். கல்வியாண்டுக் கணக்கு வேறாக இருக்கும் நாட்டுக்குப் போகிறவர்கள் (ஜப்பானில் ஏப்ரல், சிங்கப்பூரில் ஜனவரி, இங்கிலாந்தில் செப்டம்பர் என்று தொடக்கம் மாறும்) மாற்றுச் சான்றிதழோடு, எந்தப் பாடம் வரை முடிந்திருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கும் வகுப்பை முடிவு செய்ய அது கைகொடுக்கும்.

விடைபெறும் விழாவில் சில பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழும், சில பிள்ளைகள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடித் திரியும். இரண்டும் இயல்புதான்.

அடுத்த ஆண்டு எந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

பள்ளியின் சொந்த நாட்காட்டி திறந்த முதல் வாரம் கைக்கு வரும். உலகம் முழுக்க மாறாத சில நாட்களை இப்போதே குறிக்கலாம். செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள். அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள். நவம்பர் 20 உலகக் குழந்தைகள் நாள். பிப்ரவரி 21 தாய்மொழி நாள், 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடி உயிர்விட்ட மாணவர்களின் நினைவாக வந்தது. ஏப்ரல் 2 குழந்தைகள் புத்தக நாள். தாய்மொழி நாளில் தாத்தா பாட்டிகளை வகுப்புக்கு அழைத்துக் கதை சொல்லச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சி. உங்கள் வீட்டில் கதை சொல்கிற பெரியவர் இருந்தால் இப்போதே பெயர் கொடுத்துவைக்கலாம்.

பிரிவு மாற்றாமல் அதே சிநேகிதர்களோடு போட முடியுமா?

ஒரு நண்பராவது கூட இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். எல்லாரையும் சேர்த்துப் போட முடியாது. பிடிக்காத, தொல்லை கொடுக்கிற பிள்ளை யாராவது இருந்தால் ஆண்டு முடிவதற்குள் சொல்லுங்கள். பிரிவு பிரித்த பிறகு மாற்றுவது சிரமம்.

பள்ளி திறக்கும்போது முதல் நாள் அழுகை எப்படிச் சமாளிப்பது?

திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தூங்கும் நேரத்தைச் சரிசெய்யத் தொடங்குங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இரவு பதினொரு மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் ஒன்பதுக்குத் தூங்கவைக்க முடியாது. தினமும் கால் மணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள்.

வாசலில் அழுதால் சுருக்கமாக விடைபெறுங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். அடுத்த நாள் உங்கள் கையை விடவே மாட்டாள். "மணி அடிச்சதும் இந்தக் கதவுகிட்ட நிப்பேன்" என்று இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்கு அங்கே வந்து நில்லுங்கள். அழுகை பெரும்பாலும் நீங்கள் கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் நாங்களே போன் செய்வோம். இரண்டு மூன்று வாரம் ஆகியும் காலையில் வயிற்று வலி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதைச் சாக்கு என்று ஒதுக்காமல் வகுப்பாசிரியரிடம் வந்து பேசுங்கள்.